வெள்ளை வண்டிக்குச் சாயம் போட்டது

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் மூன்று வருஷம் ஆகிறது. முகத்துவாரத்தில் ஃபைபர் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்துவிட்டார்கள். மறுநாள் படகு வடக்கே கரை ஒதுங்கியது, வலைகூடக் கிடைத்தது. அவர் மட்டும் கிடைக்கவில்லை.

கரையில் சவுக்குத் தோப்பு ஓரமாக அவர் நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் ஐந்து நாள் அங்கேயே நின்றது. யாரும் அதைத் தொடவில்லை. ஆறாம் நாள் நானே போய் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். வெள்ளை வண்டி அது. எங்கள் குப்பத்தில் வெள்ளையில் வேறு வண்டி கிடையாது. உப்புக் காற்றுக்கு வெள்ளை சீக்கிரம் மஞ்சளடித்துப் போகும் என்று எல்லோரும் கருப்போ சிவப்போதான் வாங்குவார்கள். இவர் பிடிவாதமாக வெள்ளையை வாங்கி, தினமும் துணியில் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருந்தார்.

ஒரு வருஷம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். அதற்கப்புறம் முடியவில்லை. நான் ஏரி நண்டு வாங்கி, பழவேற்காட்டில் கம்பெனிக்காரர்களிடம் போடுகிறவள். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தால் வழியிலேயே நண்டு செத்துவிடும். செத்த நண்டை யாரும் தொடமாட்டார்கள். சேலையை முட்டிவரை வரிந்து கட்டிக்கொண்டு மணலில் நாலு தடவை விழுந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அவருக்கு இவர் ஒரே பிள்ளை. காலையில் வாசலில் உட்கார்ந்து எறா ஓடு உரிப்பார். கணக்கு வழக்கில், சமையலில், பேச்சில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் தெருமுனையில் அந்த வெள்ளை வண்டி திரும்பினால் மட்டும் சட்டென்று எழுந்து நிற்பார். மடியில் இருந்த எறாவெல்லாம் கீழே கொட்டும். வண்டி பக்கத்தில் வந்து, ஓட்டுவது நான் என்று தெரிந்ததும் உட்கார்ந்து கொட்டினதைப் பொறுக்குவார்.

"நான்தான் வரேன்னு தெரியுமே அத்தே, எதுக்கு எழுந்துக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியுதுமே. காலுக்குத்தான் தெரியல. அதுவா எழுந்துக்குது, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

வண்டியை வேறு வீட்டு வாசலில் விட்டுப் பார்த்தேன். அப்போது வாசலில் வண்டி இல்லையே என்று இன்னும் அதிகமாகத் தெருவைப் பார்த்தார். இந்த வருஷம் பங்குனியில் அப்படி எழுந்தபோது ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வண்டியை விற்றுவிடலாம் என்று போனேன். வண்டிப் புத்தகம் என் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, அவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் இல்லை என்றேன். இறப்புச் சான்றிதழ் கொண்டு வாங்க என்றார்கள். அதைக் கேட்கப் போன இடத்தில், உடல் கிடைக்காததால் ஏழு வருஷம் ஆகணும்மா என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். சரி, நிறத்தையாவது மாற்றலாம் என்று பெயிண்டரிடம் போனேன். "கலர் மாத்தினா புக்குல ஏத்தணும்மா. ஓனர இட்டுனு வாங்க" என்றார். எங்கே சுற்றினாலும் அவரைத்தான் கேட்டார்கள்.

அப்போதுதான் போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டு அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்து, சாயம் கரைத்து, வெள்ளை பிளாஸ்டிக் பாகங்களைக் கொதிநீரில் முக்கி எடுக்கிறார். வெள்ளையாகப் போனது கரிக்கருப்பாக வெளியே வருகிறது. மேலே பூசுவதில்லை, பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிவிடுகிறது. அவர் பேசின பாஷை எனக்குத் தெரியாது. கைகளை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

மாமியாரிடம் மறைக்கவில்லை. "வண்டிய கருப்பாக்கிடலாமா அத்தே?" என்று கேட்டேன்.

கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "ஆக்கிடுமே. இன்னொரு கையும் ஒடஞ்சா உனக்குத்தான் கஷ்டம்" என்றார்.

பொன்னேரியில் சேலைக்குச் சாயம் விற்கிற கடை இருக்கிறது. பாலியஸ்டர் சாயம் கருப்பில் வேண்டும் என்றேன். "சேலைக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். வண்டிக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தால் ஏதாவது விவரம் சொல்லியிருப்பாரோ என்று பிறகு நினைத்திருக்கிறேன்.

திருப்பாலைவனம் ரோட்டில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் தம்பியிடம் ஸ்க்ரூ டிரைவரும் ஸ்பானரும் இரவல் வாங்கி வந்து நானே கழற்றினேன். முன் விளக்கைச் சுற்றியிருக்கும் டூம், முன் மட்கார்டு, இரண்டு பக்க மூடிகள், சீட்டுக்குப் பின்னால் இருக்கும் வால் பகுதி. பக்க மூடியின் உள்ளே பிடித்திருந்த கொக்கி ஒன்று டப்பென்று உடைந்தது. மூடிக்குள்ளே என் வீட்டுக்காரர் மடித்து வைத்திருந்த துடைக்கிற துணி இருந்தது. எண்ணெயும் உப்பும் ஏறி அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தது. எடுத்துக் கொடியில் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, மேலிருந்த பளபளப்புப் போக உப்புத்தாளால் தேய்த்தேன். அதற்கே ஒரு பகல் போனது. மறுநாள் காலை கொல்லையில் மூன்று கல் வைத்து, எறா அவிக்கிற பழைய அண்டாவை ஏற்றினேன். இனி அதில் சாப்பாட்டுச் சாமான் எதுவும் அவிக்க முடியாது என்று தெரிந்துதான் ஏற்றினேன். அன்றைக்குக் கச்சான் அடித்தது. மேற்கேயிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்றில் சவுக்கு விறகு திகுதிகுவென்று பிடித்துக்கொண்டது. மாமியார் இடது கையால் சவுக்கு மிலாறுக் குச்சிகளை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"போதும் அத்தே, ரொம்ப எரியுது."

"கொதிக்கணும்னு நீதானே சொன்னே?"

சாயப்பொடியைக் கொட்டியதும் தண்ணீர் கருத்தது. முதலில் முன் மட்கார்டை இறக்கினேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தபோது, போனபோது எப்படி இருந்ததோ அப்படியே வெள்ளையாக இருந்தது. ஓரங்களில் மட்டும் லேசாக அழுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. மறுபடியும் போட்டேன். அப்போதும் அதே கதைதான். அது வேறு வகைப் பிளாஸ்டிக், அதில் சாயம் ஏறாது என்று மெக்கானிக் தம்பி பிறகு சொன்னான்.

"இது ஒத்துக்கல போலகீது" என்றார் மாமியார். அவர் குரலில் வருத்தம் இருந்ததா, நிம்மதி இருந்ததா என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

பக்க மூடிகளில் சாயம் பிடித்தது. ஆனால் அவை அண்டாவைவிட நீளம். பாதியை முக்கி, பிறகு திருப்பி மறுபாதியை முக்கினேன். நடுவில் இரண்டு சாயமும் ஏறிய இடத்தில் பட்டையாக ஒரு கோடு விழுந்தது. கருப்பும் வரவில்லை. கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நிறம். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் கருக்கும் என்று வலது பக்க மூடியை அப்படியே விட்டேன். குச்சியால் தூக்கியபோது எண்ணெயில் போட்ட அப்பளம் போல நெளிந்து வந்தது. பதறிப்போய்க் கையாலேயே பிடித்து நேராக்கப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துவிட்டன. வீடியோவில் அந்த ஆள் பாத்திரத்துக்குள் ஏதோ ஒரு கருவியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சூட்டை அளக்கத்தான் என்பது அடுப்படியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

வால் பகுதியும் டூமும் ஓரளவு தேறின. வலது மூடி பொருந்தவே இல்லை. திருகு ஓட்டைகள் விலகிப் போயிருந்தன. நைலான் நரம்பு வலைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். பெட்ரோல் டேங்க் இரும்பு, அதை எந்த அண்டாவில் போடுவது? வண்டி சீட்டுத் தைக்கிற கடையில் டேங்குக்குக் கருப்பு ரெக்ஸின் உறை தைத்து வாங்கி மாட்டினேன். மட்கார்டு வெள்ளையாகவே நின்றது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு மட்கார்டு இல்லாமல் ஓட்டினேன். மழை பெய்தால் சேறெல்லாம் என் முகத்தில்தான் அடிக்கும்.

முதல் நாள் அந்த வண்டியில் தெருமுனை திரும்பினேன். மாமியார் நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. இடது கையால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. பட்ட கஷ்டத்துக்குப் பலன் இருந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் போயிருக்கும். அவர் வாசலில் உட்காருவதையே விட்டுவிட்டார். உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு போட்டால் பாதியில் கை கழுவினார். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை.

"இன்னா அத்தே, வாசலுக்கு வாயேன். காத்து வருது."

"எதுக்கு?"

"சும்மா உக்காரு."

திரும்பாமலே சொன்னார்: "முன்னே தினிக்கும் ஒரு நிமிஷமாச்சும் வந்துனு இருந்தான்மே. அந்த முனையிலேர்ந்து நம்ம வாசல் வர வரைக்கும் அவன்தான். இப்ப அதுவும் இல்ல."

அந்த ஒரு நிமிஷம் அவரை அறுக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்துத்தான் அவர் இரண்டு வருஷமாக நாளைத் தள்ளியிருக்கிறார். எனக்கு அப்படி ஒரு நிமிஷம் என்றைக்குமே கிடைத்ததில்லை. வண்டி எனக்குக் கீழே அல்லவா ஓடுகிறது?

திரும்ப வெள்ளையாக்கிவிடலாம் என்று இறங்கினேன். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து இரண்டு நாள் ஊறவைத்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அடியிலும் கத்திரிக்காய் நிறம்தான் வந்தது. மெக்கானிக் தம்பியிடம் தூக்கிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை.

"உள்ள போன சாயம் வெளிய வராதுக்கா. மேல வெள்ளை பெயின்ட் அடிச்சாலும் அடியிலேர்ந்து ரோசா கலர்ல கசிஞ்சுனே இருக்கும்."

"புதுசு கிடைக்காதா?"

"இந்த மாடல் நின்னு போச்சுக்கா. பழைய சாமான் கடையில சொல்லி வைக்கிறேன். வெள்ளைல கிடைக்கறது கஷ்டம்."

சொல்லி வைத்தான். இன்றுவரை கிடைக்கவில்லை.

மாவுக்கட்டு பிரிக்கிற நாள் வந்தது. ஆட்டோ பேசலாம் என்றேன். "வண்டியிலேயே போலாம்" என்றார் மாமியார். அவர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. மகன் எத்தனையோ தடவை கூப்பிட்டும் பயம் என்று மறுத்தவர். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு நண்டுக் கூடையைவிட லேசாக இருந்தது.

பழவேற்காடு பாலம் தாண்டி, ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஒரு வெள்ளை வண்டி எங்களை முந்திப் போனது. ஹெல்மெட் போட்ட ஆள், நீலச் சட்டை. என் இடுப்பில் இருந்த பிடி இறுகியது.

"மே, அந்த வண்டி."

"வேற யாரோ அத்தே."

"தெரியுது. பின்னாலயே போயேன்."

போனேன். அவன் வேகமாகப் போனால் நானும் வேகமாகப் போனேன். ரெக்ஸின் உறை காற்றில் படபடத்தது. நரம்புக் கயிற்றால் கட்டியிருந்த மூடி கடகடவென்று ஆடியது. ஹெல்மெட்டையும் தோளையும் முதுகையும் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எவ்வளவு தூரம் அப்படிப் போனோம் என்று தெரியவில்லை.

திருப்பாலைவனத்தில் ஒரு டீக்கடை முன்னால் அவன் நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றினான். வழுக்கை விழ ஆரம்பித்த, கண்ணாடி போட்ட யாரோ ஒருவன். மாமியார் இறங்கி அவனிடம் நடந்து போனார். நான் தடுக்கவில்லை.

"எந்த ஊரு நைனா?"

"ஆரம்பாக்கம் ஆயா. இன்னா வோணும்?"

"ஒண்ணும் இல்ல. வண்டி நல்லா வச்சினுகீறே." சீட்டின் ஓரத்தை இடது கையால் ஒரு தரம் தடவினார். "உப்புத் தண்ணி படாம பாத்துக்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் டீ குடிக்கிறீங்களா ஆயா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அவர் திரும்பி வந்தார். ஏற முடியாமல் தடுமாறினார். நான் இறங்கி, வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவரைத் தூக்கி உட்கார வைத்தேன்.

"இவன் இல்ல. போமே, டாக்டரு போயிடப் போறாரு" என்றார்.

வண்டியைக் கிளப்பினேன். பொன்னேரி வரைக்கும் அவர் என் முதுகில் தலையைச் சாய்த்தபடியே வந்தார். அழுகிறாரா, தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.