பானைச் சீர்

எங்கள் குடும்பத்தில் பாட்டு கேட்கிறவர்கள் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பா. அவர் பாட்டைக் கேட்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். இன்னொருவர் அம்மாவின் தம்பி, எங்கள் மாமன். அவர் பாட்டைக் கேட்பதைவிட அதில் குறை கண்டுபிடிப்பதுதான் அதிகம். பாட்டை வெறுமனே கேட்டவள் அம்மா ஒருத்திதான். அவளை யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம் பருத்தி நல்ல விலைக்குப் போனது. அப்பா பல்லடத்தில் பஸ் ஏறி காந்திபுரம் போய், பெரிய கம்பெனி செட் ஒன்றை அட்டைப்பெட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கேசட் போட இரண்டு வாய், ரேடியோ, பக்கத்துக்கொன்றாக இரண்டு ஸ்பீக்கர், பாட்டுக்குத் தக்கபடி ஏறி இறங்கும் சிவப்பும் பச்சையுமான விளக்குகள். ஸ்பீக்கர்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவே இல்லை. தெர்மாகோலும் அட்டைப்பெட்டியும் பீரோவுக்கு மேலே பத்திரமாக ஏறின. வீட்டுக்கு யார் வந்தாலும் முன்னறை விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டைப் போடுவார். இருட்டில்தான் அந்த விளக்குகள் ஆடுவது நன்றாகத் தெரியும். ஸ்பீக்கரின் நெற்றியில் ஆயிரத்துச் சொச்சம் வாட்ஸ் என்று ஒரு தங்கநிற ஸ்டிக்கர் இருந்தது. அதையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவார்.

மாமன் உக்கடத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் வேலையாக இருந்தார். ஊர்க் கிணறுகளின் மோட்டாரெல்லாம் அவர் கைக்கு வந்து போகும். மிச்ச நேரத்திலெல்லாம் ஸ்பீக்கர்தான். பழைய சாமான் கடைகளில் எந்த நாட்டு ஸ்பீக்கரோ, காகிதக் கூம்பு கிழிந்து கிடப்பதை வாங்கி வந்து ஒட்டி எடுப்பார். அவருக்கு எந்தச் சத்தமும் பிடித்ததில்லை. ஒன்றில் குரல் மூக்கால் வரும், ஒன்றில் மத்தளம் தகரமாகிவிடும். கோயில் குழாய் ஸ்பீக்கரைக்கூட விடமாட்டார், பூசாரியிடம் நின்று திருத்தம் சொல்லிவிட்டுத்தான் விபூதி வாங்குவார். ஒருமுறை பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களுடைய டேப் ரிக்கார்டரைச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தாராம். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. அவருக்கு அதில் வருத்தமில்லை. செட் நகர்ந்த பிறகு நன்றாகப் பாடியது என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

அப்பாவின் செட்டை முதன்முதலாகப் பார்த்தபோது மாமன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுவதும் கேட்டார். பிறகு ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துச் சொன்னார்: "இத்தன வாட்ஸு நெசமா இருந்தா, மச்சான், தோட்டத்து மோட்டாரையே இதுல ஓட்டிப்போடலாமுங்க."

அப்பாவுக்கு முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து மாமன் வந்தால் அப்பா செட்டின்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார். சாப்பாட்டுக்குக் குறை வைக்கமாட்டார், மரியாதைக்கும் குறை வைக்கமாட்டார். ஆனால் மாமன் கிளம்பும்போது மட்டும் அவருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும். அப்பாவின் மொபெட் இருந்தும், பஸ் நிறுத்தம்வரை மாமன் வெயிலில் நடந்துதான் போவார். அம்மா வாசலில் நின்று, தலை மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே வருவாள்.

என் தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்தபோது இந்த வழக்கு முற்றியது. விசேஷம் என்றால் ஊரில் மைக் செட் வைப்பதுதான் முறை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் கம்பெனி செட் இருக்கும்போது வாடகைக் குழாய் எதற்கு என்று பந்தல் போட வந்தவரிடம் ஆரம்பித்து, பத்திரிகை வைக்கப் போன வீடெல்லாம் சொல்லிவைத்துவிட்டார். மாமனோ, தாய்மாமன் சீரில் இந்த முறை புதிதாக ஒன்று வரும் என்று கடுதாசி எழுதியிருந்தார். அதைப் படித்ததும், இரண்டு பேர் செட்டும் ஒரே பந்தலில் மோதிக்கொள்ளுமே என்று அம்மா பயந்தாள். அவள் பயந்தபடியே ஆயிற்று.

விசேஷத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மாமன் இரண்டு பெரிய மண்பானைகளோடு வந்து இறங்கினார். உக்கடத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலிடுக்கிலும் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பானை வாயில் அடக்கமாக ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது, பக்கவாட்டில் துளைபோட்டு ஒயர் தொங்கியது. அந்தக் காலத்தில் அப்படிப் பானையில் ஸ்பீக்கர் வைப்பது ஒரு மோகம். டீக்கடைகளில்கூடப் பார்க்கலாம். ஆனால் இதுமாதிரி ஸ்பீக்கர் கோயம்புத்தூரிலேயே கிடையாது என்று மாமன் சொன்னார். அப்பாவே பெரிய மனது பண்ணி, தன் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிப் பானை ஒயர்களை மாட்டிப் பாட்டைப் போட்டார்.

பாட்டு வந்தது. ஆனால் முன்னறை முழுக்க ஒரே முழக்கம். பாடகர் எங்கோ ஆழத்தில் நின்று பாடினார். சொல் ஒன்றும் விளங்கவில்லை. பட்டறையின் ஓட்டுக்கூரையடியில் நன்றாகப் பாடியதாம், எங்கள் சிமெண்டுத் தரைக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஏனுங் மாப்ள, ஆராச்சும் கெணத்துல உழுந்துட்டாங்களா? கயிறு போடட்டுமா?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மாமனும் சிரித்தார், ஆனால் அவர் கை பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்பா தன் ஸ்பீக்கர்களை மறுபடி மாட்டிவிட்டு அன்று வெகுநேரம் சந்தோஷமாக இருந்தார். அம்மா மட்டும் அன்று குழம்பில் உப்பை மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை சீர்த்தட்டுகளையெல்லாம் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டில் இருக்கும் பொருளை வெளியே கொண்டுபோய், மேளதாளத்தோடு மறுபடி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் சீர். பழம், துணிமணி, கொலுசு, தோடு என்று எல்லாம் வரிசையாக இருந்தன, கடைசியில் அந்த இரண்டு பானைகள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அதைப் பார்த்துவிட்டாள். எங்கள் வீட்டு முறை சாங்கியங்களுக்கு அவள்தான் நீதிபதி.

"வெறும்பானையத் தூக்கீட்டு வாசப்படி ஏறுனா ஊடு ரொம்புமா?" என்று கேட்டாள்.

பாடாத பானை என்று நேற்றே பெயர் வாங்கியாயிற்று, இப்போது ஆகாத பானை என்றும் ஆகிவிட்டது. சீரில் வந்த ஒரு பொருளைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பேச்சு அம்மாவின் காதில் ஆயுசுக்கும் ஒலித்துக்கொண்டிருக்கும். நெல்லைக் கொட்டலாம் என்றார் ஒருவர், தண்ணீர் ஊற்றலாம் என்றார் ஒருவர். மாமன் தலையில் கை வைத்துக்கொண்டார். அம்மா வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வரும்போது அவள் தலையில் ஒரு மூட்டை இருந்தது, மெத்தை தைக்கவென்று கொட்டை நீக்கிப் பரணில் போட்டு வைத்திருந்த பஞ்சு.

"பஞ்சும் நம்ம காட்டுல வெளஞ்சதுதானுங்க அண்ணி," என்றாள்.

தன் தம்பியின் காட்டுப் பஞ்சை அத்தை எப்படி வேண்டாம் என்பாள்? சரி என்று தலையசைத்தாள். மாமன்தான் தயங்கினார். பஞ்சை அடைத்தால் சத்தம் செத்துப்போய்விடும் என்று அம்மாவின் காதருகே கெஞ்சினார். அம்மா கையை நீட்டித் திருப்புளியைக் கேட்டாள். பூசாரி கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க, சன்னதி வாசலில் உட்கார்ந்து மாமன் ஸ்பீக்கரைக் கழற்றினார். அம்மா பஞ்சைப் பிடிபிடியாக உதறி உதறிப் பானைக்குள் போட்டாள். மறுபடி திருகி, பானை வாயில் மஞ்சள் துணி கட்டியதும் மேளம் கிளம்பியது. இரண்டும் நிறைபானைகளாக எங்கள் வாசற்படி ஏறின.

பந்தலில் மணைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பானைகளை வைத்தார்கள். மாமன் ஜமுக்காளத்துக்கு அடியில் ஒயரை ஓட்டி, அப்பாவின் செட் இருந்த மேசைவரை கொண்டுபோய்ச் சும்மா விட்டுவைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதான். பிறகு தம்பியை மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். தாய்மாமன் உட்கார்ந்துவிட்டால் காது குத்தி முடியும்வரை எழக்கூடாது என்பது அத்தையின் சட்டம்.

பந்தல் நிறையக் கூட்டம். அப்பா நாதஸ்வரக் கேசட்டைப் போட்டார். விளக்குகள் அழகாக ஆடின, சத்தத்தைத்தான் காணோம். பேச்சுச் சத்தத்தில் நாதஸ்வரம் கொசுவாகிப்போனது. அப்பா திருகினார். இன்னும் திருகினார். நாதஸ்வரம் கரகரவென்று தொண்டை கட்டி, ஒரு ஸ்பீக்கர் பட்டென்று நின்றுபோனது. மற்றது தனியாக இருமிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ மைக் செட்காரர் பெயரைச் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அப்பாவின் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவரை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, எனக்கு அழுகை வந்தது.

மாமன் எழ முடியாது. அவர் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் நின்ற எனக்கும் மேசையருகே நின்ற அப்பாவுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மச்சான், ஒயர மாத்திப் போடுங்க."

அப்பா அவரைப் பார்த்தார். கிணற்றிலிருந்து பாடினாலும் பாடட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, மேசைக்குப் பின்னால் குனிந்து, தானே ஒயரை மாற்றினார். மாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நாதஸ்வரம் எழுந்தது. முழக்கம் இல்லை, கரகரப்பு இல்லை. ஊதுகிறவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. பேச்சு தானாக அடங்கியது. தவிலின் ஒவ்வொரு அடியும் வந்து நெஞ்சில் தட்டியது. சமையல் பந்தலில் இருந்தவர்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். மாமன் கண்ணைத் திறந்தார். பானையைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து குத்துவிளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள், அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆசாரி அந்த நேரம் பார்த்து ஊசியை இறக்கிவிட்டார். தம்பி அழுததே யாருக்கும் கேட்கவில்லை.

பந்தியில் அதே பேச்சுதான். மஞ்சள் துணி கட்டிய பானைகளைச் சீரில் வந்த தானியம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். விளக்கு ஆடிய இடத்திலிருந்து பாட்டு வந்ததாகத்தான் அவர்களுக்குத் தோன்றியது. திருப்பூர்ப் பக்கமிருந்து வந்திருந்த பெரிய மனிதர் ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு மைக் செட் வைத்தாலும் இந்தத் தெளிவு வராது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். "இல்லீங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

மாமன் முந்திக்கொண்டார். "கம்பெனி செட்டு கம்பெனி செட்டுதானுங்க," என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உலகத்தில் எந்தக் கம்பெனியையும் விட்டுவைக்காத வாய் அது. மாமன் வெற்றிலை போட ஒதுங்கியதும் பின்னாலேயே போய் வழக்காடினேன். பாடியது பானைதானே, ஏன் சொல்லவில்லை, நானே போய் எல்லோரிடமும் சொல்லட்டுமா என்றேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"லைட்டு எரிஞ்சது உங்கப்பன் செட்டுலதான அம்மணி? அவுங்க அதப் பாத்துட்டுப் போகட்டும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வலதுபக்கப் பானையில் பஞ்சு ஒரு பிடி கூடிவிட்டது, தவில் கொஞ்சம் மங்கியதே, கவனித்தாயா என்று கேட்டார்.

சாயங்காலம் மாமன் பையை எடுத்தார். அப்பாவுக்கு அன்று தோட்டத்தில் வேலை வரவில்லை. மொபெட்டை உருட்டி வந்து வாசலில் நிறுத்தினார். பின்னால் மாமன் உட்கார, வண்டி பல்லடம் ரோட்டுப் பக்கம் போனது. அப்பா ரோட்டைப் பார்க்காமல் பின்னால் திரும்பித் திரும்பி ஏதோ பேசிக்கொண்டே போனார். அம்மா வழக்கம்போல் தலை மறையும்வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். வந்தவள் பாத்திரங்களை ஒழுங்குபடுத்தியபடி காலையில் கேட்ட நாதஸ்வரத்தை முணுமுணுத்தாள். பஞ்சு அடைத்தால் இப்படி ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரியுமா என்று பிற்காலத்தில் பலமுறை கேட்டிருக்கிறேன். வெறும்பானை ஆகாது என்பதைத் தவிர அவள் வேறு பதில் சொன்னதில்லை.

அப்பா திரும்பி வந்து செட்டை முன்னறைக்கு எடுத்துவந்து துடைத்தார். செத்துப்போன ஸ்பீக்கரையும் துடைத்து, பழைய இடத்தில், ஸ்டிக்கர் தெரியும்படி வைத்தார். பானைகளை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, அவற்றின் ஒயர்களையே செட்டில் மாட்டி, மஞ்சள் துணியை மட்டும் அவிழ்க்காமல் விட்டார். பிறகு அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுக் கேசட் ஒன்றைத் தேடிப் போட்டார். இந்த முறை முன்னறை விளக்கை அணைக்கவில்லை. அம்மா ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவள் கேட்காமலேயே அப்பா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

நான் ஜமுக்காளத்தில் படுத்துக்கொண்டு யார் ஜெயித்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பெயர் கிடைத்தது, ஆனால் பாடியது அவர் ஸ்பீக்கர் இல்லை. மாமனின் பானை பாடியது, ஆனால் அவருக்குப் பெயர் இல்லை. பஞ்சு கொண்டுவந்த அம்மாவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. ஆனாலும் மூன்று பேரும் ஜெயித்தவர்களின் முகத்தோடு இருந்தார்கள். அது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த வயதில் நான் ஆடிய ஆட்டத்திலெல்லாம் யாராவது ஒருத்தர் தோற்றாக வேண்டும்.