தொடாமல் ஆடிய கபடி

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறை, கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வாரம் முழுக்க லைனில் நின்ற அலுப்பையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கபடியில்தான் தீர்த்துக்கொள்வேன். மண்ணூர்ப் பக்கம் ஒரு மண் மைதானம். எங்கள் கிளப்பில் உள்ளூர்க்காரர்கள் பாதி, என்னைப்போல் தெற்கிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பாதி. பனியன் எல்லோருக்கும் பொது. ஆட்டம் முடிந்ததும் ஒரு பையில் திணித்து வைப்போம்; பல வாரம் துவைக்காமலே மறுபடி மாட்டிக்கொள்வோம்.

என்னோடு அறையில் இருந்தவன் தூத்துக்குடிக்காரன். டீமில் அவனைப்போல் பாடிப் போய்த் தொட்டுவிட்டு வர ஆள் கிடையாது. ஒரு நாள் அவன் சட்டை மாற்றும்போது இடுப்பைச் சுற்றிச் சிவந்த வட்டங்களைப் பார்த்தேன். படர்தாமரை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்பை மாசக்கணக்கில் தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

"யார்ட்டயும் சொல்லிராதடே. சொன்னா என்னைய டீம்ல சேப்பாவளா?" என்றான்.

நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அதற்குள் என் தொடையிலும் அரிப்பு வந்திருந்தது. அந்த ஞாயிறு மைதானத்தில் பார்த்தால் ஆளாளுக்குச் சொறிந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் எரிச்சலாகச் சொன்னார்: "ஒரே ரூம்ல அத்தினி பேர் படுத்துக்கினு, இங்க கொண்டாந்து ஒட்டறாங்கப்பா."

என் நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. சட்டையைத் தூக்கிக் காட்டினான்.

எங்கள் கேப்டன் மண்ணூரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஒரகடத்தில் வெல்டர். அவர் மெதுவாக எழுந்து தன் சட்டைக் காலரை விலக்கினார். கழுத்தடியில் அதே வட்டம்.

"எனக்கும் கீதுடா. வூட்ல என் பொண்ணு கையிலயும் வந்துக்கீது. நான் தூக்கித் தூக்கி வெச்சிக்கினு இருந்தனே, என்கிட்டருந்துதான் போயிருக்கும். யாரை இன்னான்னு சொல்றது?"

மறுநாளே எங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். டாக்டரம்மா என் நண்பனின் களிம்பை வாங்கிப் பார்த்து ஓரமாக வைத்தார். "இது அரிப்பை அடக்கும், உள்ளுக்குள்ள நோயை வளர்த்துவிடும். நான் தர்ற மருந்தை, வட்டம் மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஒருத்தர் துண்டை, பனியனை இன்னொருத்தர் தொடாதீங்க. வேர்வையோட உக்காந்திருக்காதீங்க. ஆறுற வரைக்கும் கட்டிப் புரள்ற ஆட்டமும் வேண்டாம்."

அப்போதுதான் சேரப்பணஞ்சேரியில் டோர்னமென்ட் வந்தது. மருந்தை ஆரம்பித்தாயிற்றே, போகலாம் என்று எங்களில் சிலர் கேட்டோம்.

"எதிர்ல நிக்கிறவனுக்கும் வூட்ல கொய்ந்த இருக்கும்டா," என்றார் கேப்டன். எங்கள் முன்னாலேயே போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டார். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

ஆனாலும் மைதானத்துக்குப் போவதை விடவில்லை. மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போவோம். பிடிக்க வருகிறவர்கள் ஒரு கை தூரத்தில் நின்று, கையை விரித்துக் காட்டிவிட்டு விலகுவார்கள். "புடிச்சிட்டேன்", "எங்க புடிச்ச?" என்று ஒரே சண்டை. மாடு மேய்க்க வந்த ஓர் அம்மா, "இன்னாப்பா, கூத்து கட்டறீங்களா?" என்று கேட்டார். எங்களுக்கே சிரிப்பு தாங்கவில்லை. முகம் கொடுத்துப் பேசாமலிருந்த என் நண்பனும் அந்த உள்ளூர்க்காரரும், பிடித்தது பிடிக்காதது என்று வாதாடியே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மழைக்காலம் வருவதற்குள் எல்லோருக்கும் ஆறிவிட்டது. கேப்டனின் மகளுக்குத்தான் முதலில் சரியானது. ஆளுக்கொரு பனியன் வாங்கிக்கொண்டோம். யாருக்காவது அரிப்பென்றால் இப்போதெல்லாம் கோட்டுக்கு வெளியிலிருந்தே சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள்: "இந்த வாரம் நான் ஸ்கோர் போடறேன்ப்பா." ஏன் என்று யாரும் துருவுவதில்லை.