பளிங்கம்மா கழுவிய தொட்டி

பல் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அந்த அம்மாவுக்குப் பளிங்கம்மா என்று பேர் வந்தது சும்மா இல்லை. அவர் துடைத்துவிட்டுப் போன தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ரயில் பெட்டி கழுவி ஆறு வருஷம், துணி வெளுக்கும் கம்பெனியில் ஒன்பது வருஷம், இந்தப் பல் டாக்டரம்மாவிடம் பதினோரு வருஷம். அழுக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சொந்தக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், கை கழுவின கையோடு அவர்கள் அடுப்பையும் தேய்த்துவிட்டுத்தான் வருவார்.

"இனிமே நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க. இல்லைன்னா மாசா மாசம் கூப்பிடுவாங்க" என்பார் அவர் புருஷன். அவர் தையல்காரர். வாயும் கத்திரி மாதிரிதான்.

பல் பிடுங்க வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, டாக்டரம்மா முன்னறையில் ஒரு மீன் தொட்டி வைத்தார். தொட்டி வைத்துக் கொடுக்கிறவர் வந்து, மணல் பரப்பி, செடி நட்டு, பஞ்சு வைத்த வடிகட்டியை ஓரத்தில் மாட்டி, ஏழு மீன்களை விட்டார். "புதுத் தொட்டி. கொஞ்ச நாள் தண்ணி கலங்கும், தானா தெளியும். வடிகட்டியை மட்டும் யாரும் தொடாதீங்க" என்று சீட்டு எழுதும் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பளிங்கம்மா மாடியில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவர் காதுக்கு எட்டவே இல்லை.

ஐந்தாம் நாள் தண்ணீர் வெளுத்துப் போயிற்று. "என்னம்மா, மீனைப் பால்லயா போட்டு வளக்குறீங்க?" என்று ஒரு நோயாளி சிரித்தார். பளிங்கம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் கை படுகிற இடத்தில் இப்படியும் ஒரு பேச்சா!

மறுநாள் காலையில் யாரும் வருமுன் வந்து, மீன்களை வாளியில் எடுத்து விட்டார். வடிகட்டியைத் திறந்தால் பஞ்செல்லாம் பழுப்பாக, வழுவழுவென்று இருந்தது. "ஐயய்யோ, இதுக்குள்ள எப்படித்தான் இருந்தீங்களோ" என்று மீன்களிடம் சொல்லிக்கொண்டே, குழாயடியில் வைத்துக் கசக்கு கசக்கென்று கசக்கினார். பஞ்சு பூப்போல வெளுத்தது. மணலையும் அலசினார். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினார். சோப்பு போடவில்லை, அந்த மட்டும் கடவுள் புத்தி கொடுத்தார்.

"பளிங்கம்மா, கண்ணு பட்டுடும் போங்க" என்றார் டாக்டரம்மா. பளிங்கம்மாவுக்கு மனசு குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி மூன்று நாள்தான். நாலாம் நாள் மீன்களெல்லாம் மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வாயைத் திறந்தன. மத்தியானத்துக்குள் ஒன்று செத்துப் போயிற்று. பளிங்கம்மா கொல்லைப்புறத்தில் ஒரு குழி தோண்டி, ஒரு சின்ன ஜெபம் சொல்லிப் புதைத்துவிட்டு வந்தார். அப்புறம் வேலை ஓடவில்லை. ரெண்டு இழுப்புத் துடைப்பார், தொட்டியை எட்டிப் பார்ப்பார். பக்கெட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவார், அது கையில் இருக்கும்.

டாக்டரம்மா சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ தீனி அள்ளிப் போட்டியா?"

"ரெண்டு சிட்டிகைதான் மேடம், சத்தியமா." அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

பளிங்கம்மா துடைப்பத்தோடு அங்கேயே நின்றார். நான் கழுவினதாலே இருக்குமோ? கழுவினால் யாராவது சாவார்களா? வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் உட்காரத் தெரியவில்லை. தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தார். புருஷன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் பானை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

சொன்னார்.

"சுத்தம் பண்ணினதுக்கு மீன் செத்துச்சுன்னு எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா? படு" என்றார் அவர். இவர் படுத்தார். கண்ணை மூடினால் ஆறு வாய் திறந்து திறந்து மூடின.

காலையில் போனால் இரண்டாவது மீனும் மிதந்தது. டாக்டரம்மா ஆள் அனுப்ப, தொட்டிக்காரர் வந்தார். ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்து சொட்டு விட்டுக் குலுக்கினார். பச்சையாகிவிட்டது.

"மஞ்சளா இருக்கணும். பச்சைன்னா மீனோட கழிவு நஞ்சாகி உள்ளயே நிக்குதுன்னு அர்த்தம்." வடிகட்டியைத் திறந்தவர் திகைத்துப் போனார். "என்னங்க இது, கடையில இருந்து நேத்து வந்த மாதிரி இருக்கு! யாரு கழுவினது?"

"நான் தொடவே இல்ல சார்" என்றாள் சீட்டுப் பெண். டாக்டரம்மா அவளையே பார்த்தார்.

பளிங்கம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். கடவுளே, நீயே துணை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தாங்க தம்பி. அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல."

"நல்லாக் கழுவினீங்களா?"

"ரொம்ப நல்லா."

தொட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார். அந்த வழுவழுப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறும். நஞ்சைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுவது அவைதான். குழாய்த் தண்ணீரில் கிருமி சாக மருந்து கலந்திருக்கிறது, அதில் அலசினதும் அவையும் போய்விட்டன. "நீங்க அழுக்குன்னு கழுவினது அதுங்களோட வீட்டைம்மா."

"அப்போ அதுங்களையும் நானா கொன்னேன்?" என்றார் பளிங்கம்மா.

தொட்டிக்காரர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். மீன் சாகிறது என்றதுமே கையோடு கொண்டுவந்த, தன் பழைய தொட்டியின் பஞ்சாம். கறுப்பாக, சகதி வாடையோடு சொட்டிக்கொண்டிருந்தது. "இதுல அந்த உயிருங்க நிறைய இருக்கு. இதைத் தொட்டிக்குள்ளயே பிழிஞ்சு விடுங்க. மிச்சத்தை வடிகட்டியில வைங்க."

"இதையா? சும்மா இருங்க தம்பி. சாமி கண்ணைக் குத்தும்."

"கழுவாமப் பிழியணும்" என்று அவர் அழுத்திச் சொன்னார்.

வாய் பொத்திச் சிரித்தது சீட்டுப் பெண்தான். பளிங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு பிழிந்தார். தன் கையாலேயே, தான் துலக்கின தண்ணீரில், பழுப்புப் புகைபோல அழுக்கு பரவியது. "பளிங்கம்மாவா இது!" என்றார் பல் வலியோடு வந்திருந்த ஒருவர், வலியையும் மறந்து.

தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், அதுவும் முதல் நாளே பிடித்து, மருந்து வீரியம் போகத் திறந்து வைத்த தண்ணீர். ரெண்டு நாள் தீனி கிடையாது. அவ்வளவுதான் வைத்தியம்.

வீட்டுக்குப் போகும்போது பளிங்கம்மா சீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்தார். "நேத்தே சொல்லியிருக்கணும்மா. பயந்துட்டேன்."

"நானும் உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்க்கா. விடுங்க" என்றாள் அவள்.

விடுமுறை நாளிலும் சாவி எடுத்துக்கொண்டு புருஷனோடு வந்தார். ஒரு மீன் செடியடியில் சாய்ந்து கிடந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் செவுள் அசைவது நின்றது. புருஷன் அன்று கிண்டல் எதுவும் செய்யவில்லை. வாளியைத் தூக்கிக் கொடுத்தார்.

மீதி நாலு. அந்த நாலுக்காகக் காலையில் ஒரு ஜெபம், சாயங்காலம் ஒரு ஜெபம். கண்ணாடியில் பாசி படரும்போதெல்லாம் கை துணியைத் தேடும். துணியைப் பின்பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு நிற்பார். தொட்டிக்காரர் கொடுத்துவிட்டுப் போன மருந்தைச் சீட்டுப் பெண் தினமும் சொட்டு விட்டுக் காட்டுவாள். பச்சை. பிறகு கொஞ்சம் வெளிறின பச்சை. ஒருநாள் மறுபடி கடும்பச்சை, அன்று பளிங்கம்மா சாப்பிடவில்லை.

பதினான்காம் நாள் மஞ்சள்.

"இன்னொரு தடவை விட்டுப் பாரும்மா." விட்டாள். மஞ்சள்தான். மீன்கள் மேலே வராமல் செடிக்குள் துரத்தி விளையாடின.

"அப்போ செத்துப்போன மூணுக்குப் பதிலா மூணு வாங்கிடலாமா?" என்றார் டாக்டரம்மா சந்தோஷமாக.

பளிங்கம்மா தொட்டிக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார். "வேணாம் டாக்டரம்மா. உள்ள வேலை பாக்குறதுங்க நாலு பேரு கழிவுக்குத்தான் இப்போ பழகியிருக்குதுங்க. ஏழு பேரைத் தலையில கட்டாதீங்க. கோபிச்சுக்காதீங்க."

டாக்டரம்மா கோபிக்கவில்லை. பளிங்கம்மா பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். ரெண்டு படி துடைத்திருப்பார், திரும்பக் கீழே இறங்கி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். நாலு.