மருந்துச் சட்டை

திண்டிவனம் பக்கத்தில் எங்கள் நிலம். மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, பூச்சிமருந்து அடிக்கும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் துணிகூடக் கட்ட மாட்டார். அவ்வளவு வீரம். நனைந்த சட்டையை நான் வெறுங்கையால் துவைப்பேன். எனக்கு ஓயாத தலைவலி, கைநடுக்கம். டிவி பார்ப்பதால்தான் என்று அவரே வைத்தியரானார்.

பூச்சிமருந்து உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய அரசாங்கக் குழு ஒன்று ஊருக்கு வந்து, மருந்து அடிப்பவர்களிடம் ரத்தம் எடுத்தது.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்க, உடம்பு பழகிக்கினு போச்சு" என்று எங்கள் வீட்டு மகாராஜா கையை நீட்டினார்.

குழுவிலிருந்த டாக்டரம்மா கேட்டார்: "சட்டைய யாரு தொவைக்கிறது?"

"இவதான். இவ எங்க மருந்து அடிச்சா? இவளுக்கு எதுக்குங்க டெஸ்ட்டு?"

டாக்டரம்மா என் ரத்தத்தையும் எடுத்தார். முடிவு வந்தபோது, வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் பாதிப்பு அதிகம். துவைக்கும் பெண்கள் பலருக்கும் அப்படியே. அதன்பின் அரசாங்கம் நடத்திய பாதுகாப்புப் பயிற்சிக்கு எங்களையும் அழைத்தார்கள், கையுறையும் கொடுத்தார்கள்.

அதை நான் வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அவர்தான் தனி வாளியில் துவைக்கிறார். என் கைநடுக்கம் நின்றுவிட்டது.

நேற்று, "காலர்ல அழுக்கு போவலையே, இன்னொரு வாட்டி தொவைங்க" என்றேன். முறைத்தார். ஆனால் துவைத்தார்.