கார்ட்டூன் தமிழுக்குப் பதில் இல்லை

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே மகள். இப்போது ஏழு வயது. மலைமேல் புதூர்நாட்டில் எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை; மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சொந்தக்காரர்கள் எல்லாம் மலைக்குக் கீழே. பள்ளி விட்டு வந்தவளை நாங்கள் வரும்வரை தொலைக்காட்சிதான் பார்த்துக்கொண்டது.

ஒரே ஸ்டுடியோ எடுத்த அனிமேஷன் தொடர்களைத்தான் பார்ப்பாள். தொடக்க இசை காதில் விழுந்ததுமே "இது அவங்களுது" என்பாள். பொங்கல், கோடை விடுமுறை என்றால் அதே பாத்திரங்களை வைத்து நீளமாக ஒரு ஸ்பெஷல் வரும். எல்லாவற்றிலும் டப்பிங் தமிழ். திருடன்கூட "தயவுசெய்து" என்பான். மெல்ல இவளும் அப்படியே பேச ஆரம்பித்தாள்.

கணியம்பாடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் என் அண்ணனிடம், "பெரியப்பா, எனக்கு இன்னொரு லட்டு கிடைக்குமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி விடவில்லை.

"இன்னாடி, டிவிக்குள்ளேர்ந்து நேரா எறங்கி வந்துட்டியா? இன்னா தம்பி, புள்ளய டிவிக்குத் தத்து குடுத்துட்டீங்களா?"

நானும் சிரித்தேன். உண்மை என்பதால் சுட்டது. திரும்பும்போது ஜீப்பிலேயே மகளிடம் சட்டம் போட்டேன்: கார்ட்டூன் மாதிரி பேசினால் அப்பா பதில் சொல்ல மாட்டேன்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். மனைவி டூட்டிக்குப் போயிருந்தாள். கோடை ஸ்பெஷலில் ஒரு முயல் திருடர்களுக்குப் பயந்து பெட்டிக்குள் ஒளிந்துகொண்டது. முடிந்ததும் மகள் விளையாடப் போனாள். நான் முன்னறையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் வீட்டுச் சொந்தக்காரர் சாமை போட்டுவைக்கும் பெரிய தகரப்பெட்டி காலியாகக் கிடந்தது. அதற்குள் இறங்கி மூடியிருக்கிறாள். வெளிக்கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது.

"யாராவது இருக்கிறீர்களா? என்னைக் காப்பாற்றுங்கள்!"

கேட்டது. தகரத்தைத் தட்டும் சத்தமும் கேட்டது. "ஒழுங்கா பேசு, அப்பறம் வர்றேன்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். இன்னும் இரண்டு முறை அதே மாதிரி கூப்பிட்டாள். பிறகு சத்தமில்லை. பிள்ளை வழிக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் திருப்திகூட வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

பக்கத்து வீட்டம்மா உரித்த புளி கொடுக்கப் பின்வாசல் வழியாக வந்தார்.

"சார், இங்க ஓடியாங்க! பொட்டிக்குள்ள இன்னாமோ மொனகுது!"

நான் போவதற்குள் கொண்டியைத் தட்டி மூடியைத் தூக்கிவிட்டார். உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்து, முடி நெற்றியில் ஒட்ட, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தாள். தூக்கி வந்து வாசலில் கிடத்தி விசிறினோம். மூச்சு சீரானதும் என்னைப் பார்த்தாள்.

"அப்பறம் நம்ம மாதிரியேதான் கூப்ட்டேன்ப்பா. சத்தம் வர்ல."

சாயங்காலம் மனைவி வந்து, அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டம்மாதான் பெட்டியைத் திறந்து அவளை எடுத்ததைச் சொன்னார்.

"நீங்க வூட்ல இல்லியா?" என்று மனைவி என்னைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டம்மா புளிக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"அப்பா கடைக்குப் போயிருந்தாரும்மா, அப்பதான் வந்தாரு" என்றாள் மகள்.

நான் மறுக்கவில்லை. நான் ஒரு முறைகூடக் கூப்பிடாமலே அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள். மனைவியிடம் இன்னும் நான் உண்மையைச் சொல்லவில்லை.