பாயிண்டில் மஞ்சள்

என் சித்தப்பாவுக்குத் தெரியாத வேலை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார். விராலிமலையில் அவர் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த பழைய கார் மட்டும் இதை ஒப்புக்கொண்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு எட்டு வயது. அத்தைக்கு, அதாவது அப்பாவின் கடைசித் தங்கைக்கு, ஆசிரியை வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்திருந்தது. பத்து மணிக்குள் புதுக்கோட்டையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. இனிமேல் வேலை எதற்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்டுப் பார்த்தார்கள். அத்தை புடவைக்கு இஸ்திரி போட்டாள்.

பஸ்ஸில் போகிறேன் என்றவளை, காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று தடுத்தவர் சித்தப்பா. முந்தின நாள்தான் காருக்குப் புதுப் பாயிண்ட் மாட்டியிருந்தார். என்ஜினுக்கு நெருப்புப் பொறி கிடைப்பது அதனால்தான். இரண்டு சின்ன உலோக முனைகள், ஓயாமல் திறந்து மூட வேண்டும். திறக்கும்போது இடைவெளி ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம் இருந்தால் போதும் என்று திருச்சி மெக்கானிக் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டிலா பத்திரிகைக்குப் பஞ்சம்.

நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். வாசலில் வண்டி அழகாகத்தான் உறுமியது. இலுப்பூரைத் தாண்டி வேகம் பிடித்ததும் விக்கத் தொடங்கி, அன்னவாசலுக்கு முன்னால் நின்றேவிட்டது. மணி ஒன்பது. நாங்கள் ஏறாமல் விட்ட பஸ் எப்போதோ போய்விட்டது, அடுத்ததை நம்பினால் பத்து மணிக்குப் போய்ச் சேர முடியாது. எனக்கு அழுகை வந்தது. அத்தை இறங்கிப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைச் சித்தப்பாவுக்கு வாசித்துச் சொன்னதே அவள்தான்.

“எதை வச்சுண்ணே அளந்தீங்க?”

“ஒம் பத்திரிகையத்தான்.” சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். நான்கு மூலைகளிலும் கெட்டியாக மஞ்சள்.

“மஞ்ச தடவுன மூலையையா உள்ள விட்டீங்க?”

“மங்களகரமா இருக்கட்டும்னுதான் ஆத்தா.”

மஞ்சளின் கனமும் சேர்ந்து இடைவெளி கூடிப்போயிருந்தது. இடைவெளி கூடினால் முனைகள் மூடியிருக்கும் நேரம் குறையும். அந்த நேரத்துக்குள், பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் காயில் நிறையாது, வேகத்தில் பொறி செத்துவிடும். போதாததற்கு முனைகளிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அத்தை இதையெல்லாம் பாடம் நடத்துவதுபோல் சொல்ல, சித்தப்பா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது வேண்டியது மஞ்சள் படாத ஒரு சின்னத் துண்டு. அது அட்டையின் நடுவில்தான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையைக் கிழிப்பதாவது! சித்தப்பா பதறினார். அக்கம்பக்கத்தில் வேறு அட்டை தேடிக் கொண்டுவருகிறேன் என்றார்.

“மணியப் பாருங்கண்ணே,” என்ற அத்தை என்னிடம் திரும்பி, “அந்த ஓரத்தப் பிடி,” என்றாள்.

பிடித்தேன். நேராகக் கிழித்தாள். அவள் கைக்கு வந்த துண்டில் மாப்பிள்ளையின் பெயர் பாதிதான் இருந்தது.

கைக்குட்டையைப் பெட்ரோலில் நனைத்து முனைகளைத் துடைத்தாள். சித்தப்பா வண்டிக்கு முன்னால் நின்று என்ஜினைச் சுழற்றும் ஹேண்டிலை மெல்லச் சுற்ற, முனைகள் முழுதாக விரிந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். துண்டை நுழைத்துத் திருகாணியை முடுக்கினாள். முடுக்கும்போதே இடைவெளி நகர்ந்துவிட்டது. தளர்த்தி மறுபடி முடுக்கினாள், மறுபடியும் நகர்ந்தது. மூன்றாவது தடவை, அட்டை இறுகாமலும் ஆடாமலும் லேசாக உரசியது. வண்டி கிளம்பியது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, விரலெல்லாம் கறுப்பு மசியோடு அத்தை உள்ளே போனாள்.

கிழித்த சமாச்சாரத்தை வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சித்தப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார்.

வேலைக்கான உத்தரவு வந்த வாரமே கல்யாணம் நின்றது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அப்பா அத்தையோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். பத்திரிகையின் ஓரத்தைப் பிடித்தது நான்தானே. மலையேறி முருகன் முன்னால் தோப்புக்கரணம் போட்டேன். அதுவும் போதாமல், ஒருநாள் காலையில் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்த அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் சிரித்துக்கொண்டே என் கண்ணைத் துடைத்துவிட்டுப் போனாள்.

வேலைக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதும், அப்படியானால் கல்யாணம் வேண்டாம் என்று அத்தையே சொன்னதும் பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இவ்வளவு பெரிய பாவம் செய்தும் அத்தை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பதுதான்.