விசா இன்டர்வியூ அன்று நான் இறங்காத பஸ்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த அறைக்குள் எப்போதும் ஒரு உப்புக் காற்று... கடற்கரை ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்.

அந்த அறையில்தான் நானும் குகனும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் விவரப் புத்தகங்களைக் கட்டில் நிறையப் பரப்பி வைத்திருப்போம். யுத்த காலம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரே கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை செய்தோம். எம்.பி.ஏ. படிப்பது குகனின் யோசனை. எனக்கு எங்கேயாவது போனால் போதும்.

குகனுக்கு மார்க்கெட்டிங் என்றால் உயிர். ஒரு சவர்க்கார விளம்பரத்தைப் பார்த்தாலும் அதைப் பற்றியே அரை மணி நேரம் கதைப்பான். இங்கிலாந்தில் அவன் ஆசைப்பட்ட கோர்ஸுக்கு இடமும் கிடைத்தது.

"படிப்பு நல்லம்தான் மச்சான். முடிய அங்க வேலை செய்ய விடுவாங்களோ? திரும்பிப் போ எண்டா எங்க வாறது?"

அவனே கேட்டு, அவனே அந்தக் கடிதத்தை மடித்து வைத்தான்.

கடைசியில் கனடாவில், பெயரைச் சரியாகச் சொல்லவே தெரியாத ஒரு குளிர் ஊரைத் தெரிவு செய்தோம். படிப்பு சுமார்தான். ஆனால் முடித்தபின் அங்கேயே வேலை தேடலாம் என்று ஒரு வரி இருந்தது.

இன்டர்வியூ இருவருக்கும் ஒரே நாள். எனக்குப் பத்து மணி, அவனுக்குப் பதினொன்று.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். கொழும்பில் தங்கியிருக்கும் தமிழர்கள் பொலிஸில் பதிந்த துண்டுச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். என்னுடையது பைலுக்குள் இருந்தது. குகனுடையது முதல் நாள் போட்ட சட்டைப் பையில், அறையில்.

அவனை இறக்கினார்கள். நானும் எழும்பினேன்.

"நீ போடா. இன்டர்வியூவை விடாத" என்றான், கீழே நின்று.

நான் உட்கார்ந்தேன்.

அறைக்கு ஓடிப்போய்த் துண்டை எடுத்துவர அரை மணி நேரம் போதும். அவனுடைய பதினொரு மணி தப்பியிருக்கும். என்னுடைய பத்து மணி போயிருக்கும். இது பிறகு வந்த யோசனை இல்லை... பஸ்ஸுக்குள்ளேயே யோசித்தேன்.

மத்தியானம் துண்டோடு போனபோது அவன் அங்கே இல்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று அறியவே இரண்டு நாள். வீட்டுக்கார அன்ரியும் நானும் போய் அவனைக் கூட்டிவந்தது ஐந்தாம் நாள். இடது காது சரியாகக் கேட்கவில்லை என்றான்.

அன்ரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"உனக்கு எப்பிடி? சரியோ?"

"ஓம்... குடுப்பாங்கள் போல."

"நல்லம்."

வேறு திகதி கேட்டு எழுதுவோம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "பாப்பம்" என்பான். எழுதவேயில்லை. நான் செப்டெம்பரில் விமானம் ஏறினேன்.

இப்போது என் மகள் படிக்க இடம் தேடுகிறாள். "அப்பா, இந்த கெம்பஸ் வடிவா இருக்கு" என்று போனைக் காட்டுகிறாள். முடிந்தபின் எந்த நாட்டில் நிற்க விடுவார்கள் என்று அவள் தேடவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதே அவளுக்குத் தெரியாது. சந்தோஷம்தான்... ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்க ஏதோ செய்கிறது.

குகன் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் ரியூஷன் கொடுக்கிறான். வணிகக் கல்வி. அவனிடம் படித்த பிள்ளைகள் உலகமெல்லாம் இருக்கிறார்கள். போன வருடம் போய்ப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த நாளைப் பற்றி வாய் திறந்தேன்.

"அண்டைக்கு நானும் இறங்கியிருக்கோணும்."



"போ எண்டு சொன்னது நான்தானே மச்சான்" என்றான். பிறகு, மெதுவாக...

"ஆனா பஸ் மறையுமட்டும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."